வழியும் சுமையும்

வழி கேட்பது மனிதனுக்குப் பிறப்போடு வந்த தேவை. வழி சொல்வது அவன் பழகி வளர்த்துக்கொண்ட அறம். தெரியாத ஊரில் ஒருவன் வழி கேட்டால், தெரிந்தவன் நின்று, கை நீட்டி, "அந்தப் பாலத்தைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்புங்கள்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறான். போகிறவன் தன்னை அறியாமலே ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டு போகிறான். அவன் சொல்லை நம்பி மற்றொருவன் நடக்கிறான். சொல் பிழையானால் நடந்த கால்கள் வலிக்கும். சொன்ன வாய் வலிப்பதில்லை. காட்டுபவன் ஒருவன், அதன் நன்மையையும் தீமையையும் அடைபவன் வேறொருவன் என்பதுதான் வழிகாட்டுதலில் உள்ள அறச்சிக்கல்.

இந்தப் பழைய சிக்கல் இன்று கையகலக் கருவி ஒன்றுக்குள் வந்து அமர்ந்திருக்கிறது. புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில் சரக்கை ஏற்றிக்கொண்டு, ஜித்ரா, அலோர் ஸ்டார், குரூண், சுங்கை பட்டாணி எனக் கெடாவை நெடுக்காகக் கடந்து தெற்கே செல்லும் சரக்குந்து ஓட்டுநரின் கண்ணெதிரே அந்தக் கருவி ஒளிர்கிறது, திரும்பச் சொல்கிறது, நேரே போகச் சொல்கிறது. நெடுந்தொலைவு செல்லும் ஓட்டுநர் எந்த வழிகாட்டிக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? கேட்ட அளவில் இது கடைத்தெருக் கேள்வியாகத் தோன்றும். விலை என்ன, திரை எவ்வளவு பெரியது, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பவற்றோடு முடிந்துவிடும் என்றும் தோன்றும். ஆயினும் சற்று நின்று நோக்கினால், யாரை நம்புவது, எந்த அளவுக்கு நம்புவது, நம்பிய பின்னும் தன் கையை விட்டு நீங்காமல் எதை வைத்துக்கொள்வது என்னும் மூன்று வினாக்கள் அதனுள்ளே இருப்பது புலப்படும். அவை கடைக்காரரால் விடையளிக்க இயலாத வினாக்கள்.

கடாரத்தின் வழிகாட்டிகள்

இவ்வினாக்களை எழுப்புவதற்குக் கெடாவைக் காட்டிலும் பொருத்தமான நிலம் அரிது. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகத்தைக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கூறுகிறது. அந்தக் கடாரமே இன்றைய கெடா என்பது அறிஞர் பலரின் கருத்து. வங்கக் கடலைக் கடந்து வந்த கலங்கள் மெர்போக் ஆற்று முகத்தை அடைய, 1,217 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலையே அடையாளமாக இருந்தது. பல நாள் நீரையே பார்த்து வந்த மாலுமிக்கு, தொடுவானில் முதலில் எழும் அந்த நீல நிழல், கரை வந்தது என்னும் செய்தியாயிற்று. மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கின் கட்டட எச்சங்கள் அந்தப் போக்குவரத்துக்குச் சான்றாக இன்றும் இருக்கின்றன.

1800 வரை கெடா சுல்தானின் ஆட்சியில் இருந்த செபராங் பிறைப் பகுதியில், 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்னும் பிரித்தானிய அலுவலர் ஒரு கல்வெட்டைக் கண்டெடுத்தார். கி.பி. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அக்கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனைக் குறிப்பிடுகிறது. அவன் மேற்கொண்ட பயணம் நல்லபடியாக முடிய வேண்டும் என்ற வேண்டுதலைத் தாங்கி நிற்கிறது. விண்மீனையும் காற்றையும் மலையையும் அறிந்த தலைமை மாலுமிக்கே, அறிவுக்கு அப்பால் ஒரு வேண்டுதல் தேவைப்பட்டிருக்கிறது. வழியை அறிந்தவன் வழியின் இடரையும் அறிவான். அதனால் அவன் செருக்குக் கொள்வதில்லை.

ஜெராய் மலை மாலுமிக்கு இடத்தைக் காட்டியதே தவிர, 'இப்படித் திரும்பு' என்று ஆணையிட்டதில்லை. கலத்தில் எவ்வளவு சரக்கு இருக்கிறது, அது எவ்வளவு ஆழம் நீரில் அமிழ்ந்திருக்கிறது, ஆற்றுமுகத்து மணல்திட்டைக் கடக்க இந்த நீர்மட்டம் போதுமா என்பவற்றை மாலுமியே கணித்தான். மலை அடையாளமாக நின்றது. முடிவு மனிதனிடம் இருந்தது.

கருவி அறிந்ததும் அறியாததும்

இன்றைய கருவியின் அடையாளங்கள் வானத்தில் இருக்கின்றன. ஜி.பி.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் முறை, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1973-இல் தொடங்கிய திட்டம். அதன் முதல் செயற்கைக்கோள் 1978-இல் ஏவப்பட்டது. 24 செயற்கைக்கோள்கள் கொண்ட அமைப்பு முழுமையாக இயங்கத் தொடங்கியதாக 1995-இல் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஒவ்வொரு செயற்கைக்கோளும் அணுக்கடிகாரங்களைச் சுமந்துகொண்டு, தன் இருப்பிடத்தையும் நேரத்தையும் இடைவிடாது ஒலிபரப்புகிறது. கீழே உள்ள கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்புகளைக் கேட்டு, அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணிக்கிறது. அந்த உயரத்தில் ஓடும் கடிகாரம், ஐன்ஸ்டீனின் சார்புக் கோட்பாடு கூறுகிறபடி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ வினாடி விரைந்து ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும்.

இத்தனை நுட்பமும் ஒன்றுகூடி விடையளிப்பது 'எங்கே இருக்கிறாய்?' என்ற ஒரே கேள்விக்குத்தான். 'எவ்வழியே போகலாம்?' என்பது இரண்டாம் கேள்வி. அதற்கு விண்ணில் விடையில்லை. யாரோ வரைந்து கருவிக்குள் வைத்த நிலப்படமே விடை சொல்கிறது. 'அவ்வழி இவனுக்குத் தகுமா?' என்பது மூன்றாம் கேள்வி. அதற்கு விடை, போகிறவன் என்ன சுமந்து போகிறான் என்பதைப் பொறுத்தது. முதற் கேள்விக்குக் கிடைத்த வியப்பூட்டும் துல்லியத்தைக் கண்டு, மூன்றாம் கேள்விக்கும் அதே துல்லியம் கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொள்வதில்தான் மனிதன் வழுக்கி விழுகிறான்.

இம்முறை பொதுமக்கள் கைக்கு வந்த வரலாறே இவ்வழுக்கலுக்கு ஓர் எச்சரிக்கை. 1983 செப்டம்பர் 1-ஆம் நாள் கொரிய விமானம் ஒன்று தன் பாதையிலிருந்து விலகிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்தது. அது சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டனர். விமானத்தில் நல்ல வழிகாட்டிக் கருவி இருந்தது. ஆனால் தானியங்கி ஓட்டும் அமைப்பு அதனுடன் இணைந்து இயங்கவில்லை என்பதையும், அதை விமானிகள் கவனிக்கவில்லை என்பதையும் பின்னர் 1993-இல் வெளிவந்த பன்னாட்டு விசாரணை அறிக்கை எடுத்துரைத்தது. அவ்வழிவைக் கண்ட பிறகே, ஜி.பி.எஸ். முறை பொதுமக்கள் பயனுக்கும் திறந்துவிடப்படும் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. பொதுமக்களுக்கு வேண்டுமென்றே குறைத்துத் தரப்பட்ட துல்லியம் 2000 மே மாதத்தில்தான் முழுமையாக வழங்கப்பட்டது. உலகம் முழுவதும் இலவசமாகக் கிடைக்கும் இவ்வசதியின் பின்னணியில், கருவி இருந்தும் வழி தவறியவர்களின் மரணம் இருக்கிறது.

சுமையைக் கேட்கும் கருவி

கைப்பேசியிலும் சிறு கார்களிலும் உள்ள வழிகாட்டி, எல்லோரையும் ஒன்றாகவே நினைக்கிறது. குறுகிய தூரம் எது, விரைவாகப் போகும் வழி எது என்பதே அதன் கணக்கு. கோல கெட்டில் வட்டாரத்தில் செம்பனை ஆலை ஒன்றுக்குப் போக வேண்டிய நீண்ட சரக்குந்தை, பத்து நிமிடம் மிச்சப்படும் என்று கருதித் தோட்டத்துச் செம்மண் பாதையில் அது திருப்பிவிடுகிறது எனக் கொள்க. பாதை தொடக்கத்தில் அகலமாக இருக்கும். உள்ளே போகப் போக இருபுறமும் வடிகால் நெருங்கும். நடுவில் ஒரு சிறு பாலம் வரும். அது இழுவை வண்டிக்காகவும் மோட்டார் சைக்கிளுக்காகவும் கட்டப்பட்டது. முன்னே போக வழியில்லை. பின்னே வரவும் இடமில்லை. கார் தவறினால் திரும்பிவிடும். சரக்குந்து தவறினால் சிக்கிக்கொள்ளும். ஒருவருக்குக் குறுக்குவழியாக இருப்பது மற்றவருக்குப் பொறியாக முடிகிறது.

சரக்குந்துகளுக்கென்றே தனியாகச் செய்யப்படும் கருவிகள் உண்டு. கார்மின், டாம்டாம், ராண்ட் மெக்னாலி முதலிய நிறுவனங்கள் அவற்றை விற்கின்றன. அவை புறப்படுமுன் ஓட்டுநரிடம் சில கேள்விகளைக் கேட்கின்றன. வண்டியின் உயரம் என்ன, அகலமும் நீளமும் என்ன, மொத்த எடை எவ்வளவு, ஓர் அச்சின் மீது எவ்வளவு எடை விழுகிறது, தீப்பற்றக்கூடிய பொருள் ஏதும் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பன அவை. விடைகளைப் பெற்ற பிறகே வழியைக் கணிக்கின்றன. தாழ்ந்த பாலத்தையும் எடை தாங்காத சாலையையும் ஒதுக்குகின்றன. இரு வகைக் கருவிகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு திரையின் அளவிலோ குரலின் இனிமையிலோ இல்லை. ஒன்று கேட்காமலே வழி சொல்கிறது; மற்றொன்று சுமையைக் கேட்டறிந்து வழி சொல்கிறது.

ஆனால் கேள்வி கேட்கத் தெரிந்த கருவிக்கு விடையும் தெரிந்திருக்கும் என்பது பொருளன்று. பாலத்தின் உயரமும் சாலையின் தாங்குதிறனும் நிலப்படத்தில் பதியப்பட்டிருந்தால்தான் அந்தக் கேள்விகளுக்குப் பயன் உண்டு. இத்தகைய கருவிகள் முதன்மையாக வட அமெரிக்கச் சாலைகளையும் ஐரோப்பியச் சாலைகளையும் கருதி உருவானவை. ஆதலால் மலேசியாவில் அதை வாங்குபவர், இந்நாட்டுச் சாலைகளுக்கான சரக்குந்துத் தரவு அதில் உண்டா என்று முதலில் கேட்டறிய வேண்டும். அது இல்லையேல், அக்கருவி அயலூரிலிருந்து வந்து உள்ளூரில் வழி சொல்லும் விருந்தாளியைப் போன்றது.

தரவு இருந்தும், அறிவிப்பு இருந்தும், மனிதன் தன் சுமையை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் டர்ஹம் நகரத்து இரயில் பாலம் உலகறிந்த சான்று. அதன் அடியில் இருந்த இடைவெளி 11 அடி 8 அங்குலம். எச்சரிக்கைப் பலகை இருந்தது. மின்னும் விளக்கும் இருந்தது. இருந்தும் சரக்குந்துகள் மீண்டும் மீண்டும் அதில் வந்து மோதின. 2019-இல் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பின்னும் மோதல் அடியோடு நின்றுவிடவில்லை. பாலத்தின் உயரம் எல்லோருக்கும் அறிவிக்கப்பட்டிருந்தது. தன் வண்டியின் உயரத்தை ஓட்டுநர் நினைவில் வைத்திருந்தாரா என்பதே அங்கே எழுந்த கேள்வி.

ஆற்றுப்படுத்தும் மரபு

சுமையை அறிந்து வழி சொல்ல வேண்டும் என்பது தமிழுக்குப் புதிய செய்தியன்று. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் கலைஞனுக்கு வழி சொல்வது அவ்வகை நூல்களின் அமைப்பு. திருமுருகாற்றுப்படை நீங்கலாக ஏனையவை யாருக்கு வழி சொல்லப்படுகிறதோ அவர்களின் பெயராலேயே வழங்குகின்றன. பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்பவை அப்பெயர்கள். மலைபடுகடாமும் கூத்தராற்றுப்படை என்று மற்றொரு பெயர் பெற்றுள்ளது. சிறுபாணர் சீறியாழ் உடையவர். பெரும்பாணர் பேரியாழ் உடையவர். வழிநடப்பவன் தோளில் சுமந்துவரும் கருவியே அவனுக்குப் பெயராகி, அவனுக்குரிய வழிநூலுக்கும் பெயராகிவிட்டது. சுமையை அறியாமல் வழியைப் பாடவில்லை அப்புலவர்கள்.

மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார் நன்னனின் மலைநாட்டுக்கு வழி கூறும்போது, கிடைக்கும் உணவையும் தங்கும் இடத்தையும் சொல்வதோடு நிறுத்தவில்லை. வழுக்கும் பாறை எங்கே, விலங்குக்காக வெட்டிய குழி எங்கே, தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் எங்கிருந்து வரும் என்று இடர்களையும் அடுக்கிச் சொல்கிறார். இசைக்கருவிகளையும் உடன்வரும் சுற்றத்தையும் கொண்ட கூட்டம் அவ்வழியே எப்படிப் போக வேண்டும் என்பதே அவர் கவலை.

ஆற்றுப்படுத்துபவனுக்கு மற்றொரு தகுதியும் உண்டு. அவன் அவ்வழியே தானே நடந்து மீண்டவன். அவன் சொல்லுக்கு அவன் காலே சான்று. இன்றைய கருவிக்கு அந்தத் தகுதி இல்லை; அது எவ்வழியிலும் நடந்ததில்லை. மழைநாளில் பாலிங் மலைச்சாலையில் பனி இறங்கும்போது சக்கரம் எப்படி வழுக்கும் என்று அதற்குத் தெரியாது. தெரிந்தவர் இன்னோர் ஓட்டுநர்தாம். எனவே நல்ல ஓட்டுநர் கருவியையும் கேட்கிறார். சாலையோரத் தேநீர்க் கடையில் எதிர்த்திசையிலிருந்து வந்து இறங்கும் ஓட்டுநரையும் கேட்கிறார். அந்தக் கடை வாயிலில் நடைபெறும் இரண்டு நிமிடப் பேச்சு ஓர் ஆற்றுப்படையே எனலாம்.

பொய் எடை

கருவி கேட்கிறது, ஓட்டுநர் விடை சொல்கிறார். அவ்விடை பொய்யானால்? இங்கே அறச்சிக்கல் ஓட்டுநர் பக்கம் திரும்புகிறது. அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் ஏற்றிவிட்டு, கருவியில் அனுமதிக்கப்பட்ட எடையையே பதிந்தால், அது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் பொய்யை மெய்யென்று கொண்டு வழி சொல்லும். அதன் கணக்கில் பிழை இராது. கொடுத்த எண்ணில் பிழை இருக்கும். வழிகாட்டியிடம் பொய் சொல்பவன், மருத்துவரிடம் நோயை மறைப்பவனைப் போன்றவன்.

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், மயிற்பீலி போன்ற மெல்லிய பொருளாயினும் அளவு மிஞ்சினால் வண்டியின் அச்சு முறியும் என்று காட்டுகிறார். அரசனுக்குச் சொன்ன அவ்வுவமை, சரக்குந்துக்குச் சொன்னதுபோலவே பொருந்துகிறது. ஆனால் பீலியை ஏற்றியவர் யார் என்ற வினாவையும் எழுப்ப வேண்டும். நடை ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஓட்டுநர், ஓய்வெடுத்தால் வருவாய் குறையும் என்ற நிலையில் இருக்கிறார். அதிகம் ஏற்றச் சொல்லும் முதலாளியும், குறைந்த வாடகைக்கே சரக்கு வர வேண்டும் என்னும் வணிகரும், மலிவாகக் கிடைத்தால் போதும் என்னும் நுகர்வோரும் அச்சுமையில் ஆளுக்கொரு பீலியை வைக்கிறார்கள். அச்சு முறியும்போது அருகில் இருப்பவர் ஓட்டுநர் ஒருவரே. அதனாலேயே அவருக்கு மறுக்கும் உரிமை இருக்க வேண்டும். 'இந்த எடைக்கு இந்த வழி இல்லை' என்று சொல்லும் கருவி அவர் கையில் இருப்பது, மறுப்பதற்கு ஒரு துணையாகும். தன் வாயால் சொல்லத் தயங்குவதைத் திரையைக் காட்டிச் சொல்லலாம் அன்றோ?

கங்காணியும் வழிகாட்டியும்

கெடாத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களுக்குக் கங்காணி என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. தமிழகச் சிற்றூர்களிலிருந்து ஆள் சேர்த்து அழைத்து வந்தவர் அவர். வழி தெரியாதவர்களுக்குக் கப்பலும் தோட்டமும் காட்டியவர் அவர். அழைத்து வந்த பிறகு, வேலைக்கு வந்தவர்களை எண்ணிக் கணக்குக் கொடுத்தவரும் அவரே. திறமில்லாத் தொழிலாளர் அவ்வாறு உதவி பெற்றுக் குடிபெயர்வதை இந்திய அரசு 1938-இல் தடை செய்ததோடு அந்த ஆட்சேர்ப்பு முறை முடிவுக்கு வந்தது. வழிகாட்டியும் மேற்பார்வையாளரும் ஒருவராகவே இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த முறை கற்பித்தது. வழிகாட்டும் கை மெல்ல மெல்லப் பிடிக்கும் கையாக மாறிவிடும்.

இன்றைய கருவியிலும் இவ்விரு முகங்கள் உண்டு. இருப்பிடம் அறியும் கருவி இயல்பில் கேட்கும் காதே அன்றிப் பேசும் வாய் அன்று. செயற்கைக்கோள்களுக்கு அது எதையும் திருப்பி அனுப்புவதில்லை; யார் கேட்கிறார் என்பது அவற்றுக்குத் தெரியாது. ஆனால் அதனோடு தொலைபேசி இணைப்பு ஒன்றைச் சேர்த்துவிட்டால், வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதெல்லாம் நிறுவனத்தின் அலுவலகத் திரைக்குச் சென்றுவிடும். ஓட்டுநருக்கு வழி சொன்ன அதே கருவி, ஓட்டுநரைப் பற்றி மற்றவருக்குச் சொல்லத் தொடங்குகிறது.

அப்படிச் சொல்வதில் தீமை என்ன என்று கேட்கலாம். கேட்பது நியாயமே. 2025 மே 13-ஆம் நாள் தெலுக் இந்தானில் கல் ஏற்றிவந்த சரக்குந்து ஒன்றும் காவல்துறைக் கலகத் தடுப்புப் பிரிவினரின் வண்டியும் மோதிக்கொண்டதில் 9 காவலர் உயிரிழந்தனர். ஒரு மாதம் முடியுமுன், ஜூன் 9-ஆம் நாள் விடியுமுன், கெரிக் அருகே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் நிகழ்ந்த பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர் 15 பேர் மாண்டனர். ஆசிரியர்களை உருவாக்கும் அப்பல்கலைக்கழகத்தின் துயரம் நாட்டின் ஒவ்வொரு பள்ளியையும் தொட்டது. அதன்பின், கனரக வாகனங்களில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்க வேண்டும் என்னும் விதியை 2025 அக்டோபர் 1 முதல் படிப்படியாக அரசு நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. சாலை ஓட்டுநருக்கு மட்டும் உரியதன்று. எதிரே வருபவர்களுக்கும் உரியது. ஆகவே பெரிய வண்டியைக் கண்காணிக்கவே கூடாது என்பது அறமாகாது.

அவ்வாறாயின் கங்காணியிலிருந்து காவலனை வேறுபடுத்தும் அளவுகோல் எது? கருவி சேர்க்கும் அறிவு யாருக்குத் திரும்பி வருகிறது என்பதே அந்த அளவுகோல். ஓட்டுநர் ஆறு மணி நேரம் தொடர்ந்து ஓட்டியிருக்கிறார் என்று கருவி காட்டும்போது, 'இறங்கி உறங்கு' என்று நிறுவனம் சொல்லுமானால் அது காவல். அதே திரையைப் பார்த்து, 'இருபது நிமிடம் ஏன் நின்றாய்?' என்று மட்டும் கேட்குமானால் அது கங்காணித்தனம். இருவரும் காண்பது ஒரே எண். அதைக் காணும் கண்ணே வேறு. தன்னைப் பற்றி எது பதியப்படுகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதை அவரும் பார்க்க இயல வேண்டும். இவ்விரண்டும் இல்லாத கருவியை வழிகாட்டி என்று அழைப்பது பெயர்ப் பிழை.

படத்தில் இல்லாத பெயர்கள்

நிலப்படத்துக்கு ஒரு மொழி உண்டு. மக்களுக்கு ஒரு மொழி உண்டு. தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று. பால்வெட்டுக்குப் போனவர்கள் வாய்மொழியாக வழங்கிய பெயர் வேறொன்று. கோயிலடி, ஆலையடி, பழைய லயம் என்று சொன்னால் பழகிய ஓட்டுநருக்குப் போதும்; கருவிக்குப் போதாது. இரப்பர் செம்பனையாக மாறியது. செம்பனை குடியிருப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியது. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு அவ்வட்டாரத்துப் பாதைகளின் முகமே வேறாயிற்று. நிலப்படம் புதுப்பிக்கப்படும்போது பழைய பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. அவற்றைச் சுமந்திருப்பவை அங்கே வாழ்ந்தவர்களின் நினைவுகளே.

நினைவும் பயன்படுத்தாவிட்டால் தேயும். இலண்டன் வாடகைக்கார் ஓட்டுநர்கள் உரிமம் பெற ஏறத்தாழ 25,000 தெருக்களை மனத்தில் பதித்துத் தேர்வு எழுத வேண்டும். எலினார் மகுவயர் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வோட்டுநர்களின் மூளையில் இடநினைவுக்குரிய பகுதி ஒன்றின் பின்புறம் மற்றவர்களைக் காட்டிலும் பெரிதாக இருந்தது தெரியவந்தது. வழியைக் கற்பவனை வழியும் வளர்க்கிறது.

கற்க மறந்தவனுக்கு நேர்வதும் உலகறிந்ததே. 2009-இல் இத்தாலியைச் சுற்றிப் பார்க்க வந்த சுவீடன் நாட்டுத் தம்பதியர், காப்ரி என்னும் தீவுக்குப் போக விரும்பிக் கருவியில் எழுத்து மாற்றிக் கார்ப்பி என்று பதிந்தனர். கருவி அவர்களைக் கார்ப்பி என்னும் உள்நாட்டு நகருக்குப் பிழையின்றிக் கொண்டு சேர்த்தது. தீவுக்குப் போவதானால் கடலைக் கடக்க வேண்டுமே என்ற எண்ணம் வழியில் அவர்களுக்கு எழவில்லை. இதைக் கேட்டு நகைப்பது எளிது. சரக்குந்தில் இவ்வாறு நேர்ந்தால் நகைப்பதற்கு இடமிராது.

தெரிவின் முறை

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், நெடுந்தொலைவு செல்லும் ஓட்டுநர் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை ஒருவாறு தெளிவாகும். சுமையைக் கேட்கும் கருவியா என்று முதலில் பார்க்க வேண்டும். கேட்ட கேள்விக்கு விடை தரும் நிலப்படம் இந்நாட்டுக்கு உண்டா, அது காலந்தோறும் புதுப்பிக்கப்படுமா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையைப் போன்ற காட்டுவழிகளில் தொலைபேசி இணைப்பு அறுந்துபோகும் இடங்கள் உண்டு. ஆகவே நிலப்படம் முழுவதும் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் கேட்கத்தக்க தெளிவான குரல் வேண்டும். இருக்கையில் அமர்ந்தபடி வெயிலிலும் இரவிலும் ஒரு பார்வையில் படிக்கத்தக்க திரை வேண்டும். அது எதைப் பதிந்து யாருக்கு அனுப்புகிறது என்பதை வாங்குமுன் கேட்டறிய வேண்டும். விலையை இவையனைத்துக்கும் பிறகே பார்க்க வேண்டும். கருவியை வாங்குபவர் நிறுவனத்தாராயினும், தேர்வில் ஓட்டுநரின் சொல் இருத்தல் வேண்டும். வழியில் நிற்கப்போகிறவர் அவரே.

வாங்கிய பின்னும் ஒன்று எஞ்சுகிறது. கருவி வலப்பக்கம் திரும்பச் சொல்லும்போது, சாலையோரப் பலகை எடை வரம்பைக் காட்டினால், பலகைக்கே ஓட்டுநர் செவிசாய்க்க வேண்டும். பலகை இல்லாத இடத்தில் பாலத்தின் ஒடுங்கிய தோற்றத்துக்குச் செவிசாய்க்க வேண்டும். மறுவழி பத்து நிமிடமன்று, ஒரு மணி நேரம் கூடுதலாயினும் அதுவே அவருக்குரிய வழி. 'கருவி சொன்னது' என்பது விசாரணையில் ஒரு வாக்குமூலமாகலாம். மனச்சான்றின் முன் அது விடையாகாது. இடத்தை அறியும் வேலையைக் கருவியிடம் ஒப்படைக்கலாம். வழியைத் தேடும் வேலையையும் பெரும்பாலும் ஒப்படைக்கலாம். தகுமா என்று தீர்மானிக்கும் வேலையை ஒப்படைக்க முடியாது. ஒப்படைத்துவிட்டதாக நினைத்தாலும் அதன் விளைவு ஒப்படைத்தவரிடமே திரும்பி வருகிறது.

இந்த நீதி சாலையோடு முடிந்துவிடுவதன்று. வழிகாட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களில் முதல்வர் ஆசிரியர். ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் முப்பது மாணவர்க்கும் பாடநூல் ஒன்று, தேர்வு ஒன்று, சென்றுசேர வேண்டிய ஊரும் ஒன்று. ஆனால் பீடோங்கிலோ பாடாங் செராயிலோ உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில், ஒரு மாணவன் வெறுங்கையோடு வந்து அமர்கிறான். அவனருகில் அமர்ந்திருப்பவனின் தந்தை சரக்குந்து ஓட்டிப் போய் மூன்று நாளாக வீடு திரும்பவில்லை; தம்பி தங்கையரைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அழைத்து வந்தவன் அவன்தான். இருவருக்கும் ஒரே குறுக்குவழியைக் காட்டி, ஒருவன் மட்டும் நடுவழியில் நின்றுவிட்டால், நின்றவனைக் குறை சொல்வது எளிது. அவன் வழியை அறியாதவன் அல்லன். அந்தச் சிறு பாலம் அவன் சுமையைத் தாங்கவில்லை. அவனுக்கு வேறு வழி உண்டு. அது சற்றுச் சுற்றிப் போகும். ஊர் போய்ச் சேரும். அதைச் சொல்வதற்கு முன், அவன் என்ன சுமந்து வந்திருக்கிறான் என்று கேட்டாக வேண்டும்.